ஆவணிக்குப் பார்த்துக்கலாம்: 31 டொமைன்களையும் 140 மெயில் கணக்குகளையும் புது சர்வருக்கு மாற்றிய விவரம்

கும்பகோணத்தில் நானும் ஒரு தம்பியும் சேர்ந்து நடத்தும் சின்னக் கடை எங்களுடையது. வெப்சைட் செய்து தருவோம், டொமைன் வாங்கித் தருவோம், மெயில் திறந்து தருவோம். அவுட்லுக் அடம்பிடித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்போம். 2023 ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசி வரை, எங்கள் வாடிக்கையாளர்களின் 31 டொமைன்களையும் 140 சொச்சம் மெயில் கணக்குகளையும் ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து (தளமும் மெயிலும் வாடகைக்குக் குடியிருக்கும் சர்வர்) இன்னொன்றுக்கு மாற்றினோம். என்ன செய்தோம், எங்கே சறுக்கினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

தளங்கள் பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியது மெயில். தளம் விழுந்தால் பத்து நிமிடத்தில் யாராவது போன் போட்டுத் திட்டிவிடுவார்கள். வராத மெயிலுக்கு யார் போன் போடுவது? அது வர வேண்டியிருந்தது என்பதே வாங்குபவருக்குத் தெரியாது.

மாற்றியதற்கான காரணங்கள் எல்லோருக்கும் இருப்பவைதான். 2014-லிருந்து ஒரே ரீசெல்லர் கணக்கு (மொத்தமாக வாங்கி வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துத் தருவது), சர்வர் அமெரிக்காவில். இங்கிருந்து ஒரு பிங் (சோதனைக்கு அனுப்பும் சின்னத் தகவல்) போய்வர 200 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். புதுப்பிக்கும் கட்டணத்தை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். தளங்கள் ஓடும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அவர்கள் 8-க்குப் போகிற மாதிரி தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்த சர்வரின் ஐபி முகவரி மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஸ்பேம் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. யாரோ ஒரு பக்கத்துக் கணக்குக்காரர் செய்த வினைக்கு சுவாமிமலைச் சிற்பியின் மெயில் திரும்பி வந்தது. கணக்கு ஆகஸ்ட் 31-ல் காலாவதி. புது இடம் மும்பையில் பார்த்தோம்.

புது இடத்திலும் சிபேனல்தான் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் மென்பொருள்) வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு ஒரே காரணம் பாஸ்வேர்டு. சிபேனலிலிருந்து சிபேனலுக்குப் போனால் மெயில் பாஸ்வேர்டுகள் மறைகுறியாக்கிய வடிவத்திலேயே கூடவே வந்துவிடும். இல்லையென்றால் 140 பேருக்குப் புது பாஸ்வேர்டு சொல்ல வேண்டும். அதில் பாதிப் பேருக்குப் பழையதே தெரியாது, அவர்கள் வீட்டு அவுட்லுக்குக்குத்தான் தெரியும்.

நாள் குறித்தது

தொழில்நுட்பத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. ஆடிட்டர் அலுவலகங்களை மாதம் 11-ம் தேதிக்கு முன்னாலும் 20-ம் தேதிக்கு முன்னாலும் தொடக் கூடாது, ஜிஎஸ்டி கெடு. பள்ளிக்கூடங்களை ஜூன் முதல் பதினைந்து நாள் தொடக் கூடாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு எங்கள் தெருவுக்கு எந்தச் சனிக்கிழமை என்று பேப்பரில் பார்க்க வேண்டும். நவக்கிரகக் கோயில் சுற்றுலா நடத்துகிறவர், சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை எதையும் மாற்றாதே, ராகு காலம் என்றார். அதனால் எனக்கு என்ன நஷ்டம்? பத்தரைக்கு மேல் வைத்துக்கொண்டேன்.

திருபுவனத்துப் பட்டு ஜவுளிக்கடை ஐயாவிடம் கேட்டபோது அவர் விரல் விட்டு எண்ணினார். "ஆனியில முகூர்த்தம் இருக்கு, கடையில கூட்டம். ஆடியில யாராவது குடி மாத்துவாங்களா? ஆவணிக்குப் பாத்துக்கலாம் தம்பி."

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 18-தான் ஆவணி முதல் தேதி, காலாவதிக்கு இரண்டு வாரம் முன்னால். போதும் என்று நினைத்தேன். பின்னால் நான் பட்ட பாட்டுக்கும் இந்த ஒப்புதலுக்கும் சம்பந்தம் உண்டு. தப்பு அவர் பேரில் இல்லை.

ஆக மூன்று தவணை. ஜூன் 24 சனி, ஞாயிறில் முதல் தவணை, ஜூலை 8-ல் இரண்டாவது, ஆவணியில் பட்டுக்கடையும் மிச்சம் இருப்பவையும்.

கணக்கெடுப்பு

ஒரு ஷீட் போட்டோம். டொமைன் யார் பேரில், எங்கே வாங்கியது, நேம்சர்வர் (டொமைன் பேருக்கு விலாசம் சொல்லும் சர்வர்) எங்கே, மெயில் எங்கே, மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3-ஆ, சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப்பா. கடைசிக் கேள்விக்கு போனில் கிடைத்த பதில் பெரும்பாலும் "ஏதோ வருதுங்க". நாச்சியார்கோயில் விளக்குக் கடையின் டொமைன், எங்களுக்கு முன்னால் தளம் செய்தவர் பேரில் இருந்தது. அவர் சிங்கப்பூர் போய் வருஷமாகிவிட்டது. அவர் கொடுத்திருந்த தொடர்பு மெயிலும் அதே டொமைனில் இருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல. நல்ல மனிதர், வாட்ஸாப்பில் பிடித்து முடித்துவிட்டோம்.

ஷீட்டில் ஒரு கலத்தை நான் வைக்கவே இல்லை: மெயில் சர்வரின் பேராக என்ன கொடுத்திருக்கிறது? 2014-ல் சர்வருக்கான பாதுகாப்புச் சான்றிதழ் இப்போது போல எளிதாக இலவசமாகக் கிடைக்காது. வாடிக்கையாளரின் சொந்த டொமைன் பேரைக் கொடுத்தால் அவுட்லுக் தினமும் எச்சரிக்கைப் பெட்டி காட்டும். அதனால் ஹோஸ்டிங் நிறுவனத்துடைய சர்வரின் பேரையே பல இடங்களில் அடித்துவிட்டு வந்திருந்தேன். அடித்ததை மறந்தும் போயிருந்தேன்.

தண்ணீரும் டிஎன்எஸ்ஸும்

டொமைன் பேருக்கு ஐபி முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். அதில் ஒரு மாற்றம் 'பரவ' 48 மணி நேரம் ஆகும் என்று எல்லோரும் சொல்வோம். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாள், கடைமடைக்கு இன்னும் எத்தனையோ நாள் என்பது மாதிரி காதில் விழுகிறது. உண்மையில் டிஎன்எஸ்ஸில் எதுவும் ஓடி வருவதில்லை. ஒவ்வொரு ஊர்க் குளத்திலும் (இணைய இணைப்பு தருபவர்களின் டிஎன்எஸ் சர்வர்களில்) பழைய தண்ணீர் தேங்கி நிற்கிறது, அது வற்றினால்தான் குளம் போய்ப் புதுசைக் கேட்கும். வற்றும் நேரம்தான் டிடிஎல். சிபேனலில் வழக்கமாக 14400 வினாடி, அதாவது நாலு மணி நேரம். நாம் மாற்றப்போவதற்கு ஒரு நாள் முன்பே அதை 300-க்குக் குறைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் குளம் வற்றும். ஆனால் நேம்சர்வரையே மாற்றினால் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. டாட் காம் போன்றவற்றில் அந்தத் தகவல் மேலே இருக்கும் பதிவகத்தில் 172800 வினாடி என்று நிற்கிறது. அந்த 48 மணி நேரம் இதுதான்.

அதனால் இரண்டையும் பிரித்தேன். முதல் வாரம் நேம்சர்வரை மட்டும், ஹோஸ்டிங்கோடு சம்பந்தமில்லாத தனி டிஎன்எஸ் சேவைக்கு மாற்றுவது. உள்ளே பதிவுகள் எல்லாம் பழைய ஐபிதான், யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த வாரம் 300 வினாடி டிடிஎல்லோடு ஐபியை மட்டும் மாற்றுவது. இந்தத் திட்டம் சரியானதுதான், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். பதிவுகளைப் பிரதி எடுத்த விதத்தில்தான் தவறினோம்.

புது டிஎன்எஸ் சேவையில் டொமைனைச் சேர்த்தால் அதுவே தேடிப் பதிவுகளை நிரப்பித் தரும். தம்பி அதை நம்பினான், நானும் தலையாட்டினேன். அது தேடுவதில்லை, ஊகிக்கிறது. வழக்கமான பேர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து, பதில் வருவதை எழுதிக்கொள்கிறது. ஊகிக்க முடியாத பேர் இருந்தால் விட்டுவிடும்.

ஜூன் 17, சனிக்கிழமை பத்தரைக்கு மேல் மாற்றினோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லாம் நன்றாக ஓடின. திங்கள் காலை ஆறு மணிக்கு மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து போன்.

"தம்பி, வாசல்ல நாலு லாரி நிக்குது. எடைச் சீட்டு வர மாட்டேங்குது."

"ஐயா, வெப்சைட் ஓடுதுங்களே?"

"வெப்சைட்டா? அத யாரு பாத்தா. சீட்டு வரல."

ஆலை வாசலில் எடைமேடை, அங்கே ஒரு கம்ப்யூட்டர். பில் போடும் மென்பொருள் ஊருக்குள் இருக்கும் அலுவலகத்தில், நிலையான ஐபி உள்ள இணைப்பில். வாசல் கம்ப்யூட்டர் அலுவலகத்தைப் பிடிக்க ஒரு துணை டொமைன் வைத்திருந்தார்கள். அந்தப் பேரை யாரும் ஊகிக்க முடியாது. பில் மென்பொருள் போட்டவர் நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் கேட்டு வாங்கியது அது. குளத்தில் பழைய தண்ணீர் நின்றதால் ஞாயிறு இரவு வரை வேலை செய்திருக்கிறது. அதனால்தான் எங்கள் சனிக்கிழமைச் சோதனையில் ஒன்றும் சிக்கவில்லை.

விடுபட்ட பதிவைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். சேர்த்தும் வரவில்லை. அப்படி ஒரு பேர் இல்லை என்ற பதிலையும் குளம் கொஞ்ச நேரம் தேக்கி வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், காலை ஆறு மணிக்கு நினைவில்லை. கடைசியில் எடைமேடைப் பையனை போனில் வைத்துக்கொண்டு, சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஒவ்வொரு ஃபோல்டராகக் கூட்டிப்போய், டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே பேருக்கு ஐபி சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஐபியையும் பேரையும் ஒரு வரி அடிக்கச் சொன்னேன். நோட்பேடை நிர்வாகியாகத் திறக்காவிட்டால் சேமிக்க விடாது என்பதைச் சொல்ல மறந்து, இரண்டு தடவை அடிக்க வேண்டியதாயிற்று. பின்னால் லாரி ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றே 31 டொமைன்களுக்கும் பழைய பேனலில் இருந்து பதிவுக் கோப்பை முழுசாக இறக்கி, வரிக்கு வரி வைத்து ஒப்பிட்டோம். விடுபட்டவை மொத்தம் ஐந்து. மற்ற நான்கும் யாரும் பயன்படுத்தாதவை.

முதல் தவணை

முழு பேக்கப்பை ரீசெல்லர் கையால் மீட்க முடியாது. புது ஹோஸ்டிங்காரர்களிடம் கோப்பைக் கொடுத்தால் அவர்கள் போட்டுத் தருவார்கள், போட்டும் தந்தார்கள். பெரிய படங்களை மட்டும், சுவாமிமலைச் சிற்பியின் தளத்தில் 14 ஜிபி, ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் நிரலை வைத்து சர்வருக்கு சர்வர் இழுத்தோம். ஸ்கிரீன் என்ற நிரலுக்குள் போட்டு சர்வரிலேயே ஓட விட்டால் நம் தெருவில் கரண்ட் போனாலும் அதற்குக் கவலை இல்லை. இதை முதல் நாள் சோதனையில் என் கம்ப்யூட்டரிலிருந்தே ஓட்டி, யூபிஎஸ் கூவக் கூவப் பார்த்த பிறகு கற்றுக்கொண்டேன்.

மெயிலைக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒன்று, சர்வரில் மெயில்கள் கிடக்கும் மெயில்டிர் ஃபோல்டரை அப்படியே ஆர்சிங்க் செய்வது. இரண்டு, ஐமேப்சிங்க் வைத்து ஒவ்வொரு மெயிலாக அந்தப் பக்கத்தில் வாசித்து இந்தப் பக்கத்தில் எழுதுவது. இரண்டாவது சுத்தமாகத் தோன்றும். சுற்றுலாக்காரரின் கணக்கை அப்படித்தான் கொண்டுபோனேன். அவர் பாப்3. அவுட்லுக் ஒவ்வொரு மெயிலையும் சர்வர் கொடுத்த ஓர் அடையாள எண்ணை வைத்துத்தான் இது பழசு, இது புதுசு என்று பிரிக்கிறது. ஐமேப்சிங்க் எழுதும்போது புது சர்வர் புது எண் போட்டுவிடும். ஞாயிறு மதியம் அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஆறாயிரத்துச் சொச்சம் மெயில் மறுபடி இறங்கியது. திருநள்ளாறுக்கு வந்துவிட்டுப் போனவர்களின் பழைய முன்பதிவுகள் எல்லாம் புது முன்பதிவு மாதிரி தடித்த எழுத்தில். "சார், நான் இத்தனை வண்டிக்கு எங்க போவேன்?" என்றார்.

மெயில்டிரை ஆர்சிங்க் செய்தால் மெயில் சர்வர் நிரலான டவ்காட்டின் எண் பட்டியல் கோப்பும் கூடவே வரும், எண் மாறாது. ஆனால் எம்எக்ஸை (டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்னும் பதிவு) மாற்றிப் புது சர்வரில் மெயில் விழ ஆரம்பித்த பிறகு ஆர்சிங்க் செய்தால் பட்டியலின் மேல் பட்டியல் ஏறிக் குழப்பிவிடும். ஆக, மாற்றும் முன் ஆர்சிங்க், மாற்றிய பின் மிச்சத்துக்கு ஐமேப்சிங்க். ஆடிட்டர் அலுவலகத்தை அப்படித்தான் கொண்டுபோனோம். ஒரு மெயில்கூட இரட்டிக்கவில்லை. அந்த ஞாயிறு மாலை நான் கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

நடுவில் மயிலாடுதுறைச் சித்த வைத்தியசாலையின் தளம். 2009-லிருந்து மூலிகைக் கட்டுரைகள், முழுக்கத் தமிழ். புது இடத்தில் திறந்தால் எழுத்துக்கு எழுத்து, தலையில் கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஒரு குப்பை. தமிழ்த் தளம் மாற்றியவர்கள் எல்லோரும் இந்த முகத்தைப் பார்த்திருப்பார்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (க ஒன்று, கீ என்றால் இரண்டு) யூடிஎஃப்8 என்ற குறியீட்டு முறையில் மூன்று பைட். பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணை லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டு முறை) என்று பேர் வைத்துக்கொண்டு, அந்த மூன்று பைட்டையும் மூன்று தனி லத்தீன் எழுத்து என்று எண்ணியே இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறது. பழைய சர்வரில் போடுபவரும் எடுப்பவரும் ஒரே தப்பைச் செய்ததால் சரியாகத் தெரிந்தது. பேக்கப் எடுக்கும்போது அதை உண்மையான லத்தீன் என்று நம்பி யூடிஎஃப்8-க்கு 'மொழிபெயர்த்து'விட்டது.

மருந்து இது: எடுக்கும்போது லத்தீன்1 என்றே சொல்லி, எந்த மாற்றமும் செய்யாதே என்று எடுப்பது. பிறகு கோப்பில் அட்டவணைகளின் பேர்ப்பலகையை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்8-ன் பேர்) என்று திருத்தி ஏற்றுவது. ஏற்றினால் பாதியில் நின்றது. ஒரு கட்டுரைத் தலைப்பு. 255 எழுத்து கொள்ளும் கட்டத்தில், மூன்று மூன்று பைட்டாக 85 குறிகள்தான் கொள்ளும். வைத்தியர் நீளமாகத் தலைப்பு வைப்பவர். 255 மூன்றால் சரியாக வகுபடும், ஆனால் நடுவில் இடைவெளிகள் ஒரு பைட் என்பதால் கணக்கு தவறி, கடைசி எழுத்து நடுவில் உடைந்து கிடந்தது. அப்படிப் பதினோரு தலைப்புகள். கையால் திருத்தினோம். அவற்றில் ஒன்று கீழாநெல்லி பற்றியது. பத்து வருஷமாக அந்தத் தலைப்பு பாதியில் நின்றிருக்கிறது, யாரும் சொன்னதில்லை.

இருபத்து மூன்று மெயில்கள்

ஜூலை 10, திங்கட்கிழமை மாலை. ஆடிட்டர் போன்.

"தம்பி, பட்டுக்கடை விற்பனைக் கணக்கு அனுப்பிட்டேங்கறார். என்கிட்ட வரல. நாளைக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள். பத்து வருஷமா பழகறோம், இப்ப அவர் பொய் சொல்றாரா, நான் பொய் சொல்றேனான்னு ஆயிடுச்சு."

என் ஜிமெயிலிலிருந்து அவருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். நாலு வினாடியில் போய்ச் சேர்ந்தது. எங்கள் கடை மெயிலிலிருந்து அனுப்பினேன், சேர்ந்தது. அவருக்கு வங்கியிலிருந்தும் துறையிலிருந்தும் மெயில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்பேமில் இல்லை. பட்டுக்கடைக் கணக்குப்பிள்ளையைக் கேட்டால், அனுப்பியவை ஃபோல்டரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார். ஜூன் 27, ஜூலை 3, ஜூலை 7. திரும்பியும் வரவில்லை. இரண்டு பேரும் சொல்வது நிஜம்.

திருபுவனத்துக்கே போனேன். கணக்குப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து 'சோதனை' என்று ஒரு வரி அடித்து ஆடிட்டருக்கு அனுப்பினேன். சிபேனலில் போன இடம் காட்டும் பட்டியலைத் திறந்தேன். பச்சை டிக். சேர்ந்துவிட்டது என்கிறது. எங்கே என்ற கலத்தில் வெளி சர்வர் எதன் பேரும் இல்லை, 'லோக்கல்' என்று இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பட்டுக்கடை இன்னும் பழைய சர்வரில். ஆடிட்டர் பதினைந்து நாள் முன்பு புது சர்வருக்குப் போய்விட்டார், ஆனால் அவருடைய பழைய கணக்கை நான் பாதுகாப்புக்காக அழிக்காமல் வைத்திருந்தேன். பழைய சர்வரில் இருந்து அவருக்கு யாராவது மெயில் அனுப்பினால், அந்த சர்வர் எம்எக்ஸ் எங்கே என்று வெளியே போய்க் கேட்பதே இல்லை. தன் பட்டியலைப் பார்க்கிறது. அட, இந்த டொமைன் நம்ம வீட்டுக்காரர்தானே என்று உள்ளேயே இருந்த பழைய பெட்டியில் போட்டுவிட்டு டிக் அடித்துவிடுகிறது. ஜிமெயிலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது வெளியாள், எம்எக்ஸைக் கேட்டுத்தான் வரும். நான் செய்த சோதனை எல்லாம் வெளியாள் சோதனை.

பெரிய நகரத்தில் இது அவ்வளவாக அகப்படாது. ஒரே சர்வரில் இருக்கும் இரண்டு வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது அங்கே அபூர்வம். இங்கே ஆடிட்டர் சொல்லி பட்டுக்கடை வந்தது, பட்டுக்கடை சொல்லி அச்சகம் வந்தது, அச்சகத்துக்குச் சாக்குப் பை லேபிள் அடிக்கும் வேலை கொடுப்பது அரிசி ஆலை. எனக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்த விதமே இதுதான். ஒருவருக்கொருவர் எழுதுகிறவர்கள் எல்லோரும் என் ஒரே சர்வரில்.

பழைய சர்வரில் ஆடிட்டர் பெட்டியைத் திறந்தேன். ஜூன் 25-க்குப் பிறகு வந்தவை 23. கணக்குப்பிள்ளையின் மூன்றும் இருந்தன. மற்றவற்றில் ஒன்று அச்சகம் அனுப்பிய நோட்டீஸ் கேள்வி, ஒன்று பள்ளிக்கூடத்தின் பிடித்தம் பற்றிய சந்தேகம்.

சரிசெய்வது ஒரே கிளிக். பழைய சிபேனலில் மெயில் வழி என்ற பக்கத்தில், மாறிப்போன ஒவ்வொரு டொமைனுக்கும் 'லோக்கல்' என்றிருப்பதை 'ரிமோட்' என்று மாற்ற வேண்டும். மாற்றினேன். 23 மெயிலையும் ஐமேப்சிங்க்கில் புதுப் பெட்டிக்குத் தள்ளினேன். தள்ளிவிட்டு ஆடிட்டருக்கு போன் போட்டேன்.

"வரலையே தம்பி."

வந்திருந்தது. ஐமேப்சிங்க் மெயிலின் பழைய தேதியைக் காப்பாற்றும், நல்ல குணம்தான். அதனால் ஜூன் 27-ல் வந்த மெயில், ஜூன் 27-க்கு உரிய இடத்தில், அவர் இதுவரை படிக்காத நானூறு மெயிலுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தது. "சார், கீழ உருட்டுங்க. இன்னும் கீழ." இரவு எட்டே முக்காலுக்குக் கண்டுபிடித்தார். மறுநாள் மத்தியானம் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டார். பட்டுக்கடை ஐயாவிடம் நானே போய், தப்பு என்னுடையது, ஆடிட்டர் பேரில் இல்லை என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. காப்பி வரவழைத்தார்.

மாறிப்போன மற்றப் பெட்டிகளையும் அன்று இரவே துழாவினோம். மேலும் மூன்று பெட்டிகளில் 18 மெயில்கள். ஆளுக்கு ஆள் போன் போட்டு, இந்தத் தேதிக்கு வந்த மெயில்கள் இப்போதுதான் சேர்கின்றன, கீழே உருட்டிப் பாருங்கள் என்று சொன்னோம். இரண்டு பேர் பரவாயில்லை என்றார்கள். அச்சகத்துக்காரர் மட்டும் விடவில்லை. ஒரு கொட்டேஷன் கேட்ட மெயில், பதில் போகாததால் வேலை வேறு இடத்துக்குப் போய்விட்டது. அதற்கு என்னால் செய்ய முடிந்தது, அந்த வருஷ ஹோஸ்டிங் கட்டணத்தை வாங்காமல் விட்டதுதான்.

இதே மாதிரி சத்தமில்லாத இன்னொன்று சுவாமிமலையில் நடந்தது, சின்னதுதான். புது சர்வரின் எஸ்பிஎஃப் வரியைச் சேர்த்தேன் (டொமைனின் பேரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு அது), பழையதை நீக்கவில்லை. இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று தோன்றும். விதிப்படி ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப்தான். இரண்டு இருந்தால் சோதனையே தோல்வி. சிற்பி வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்கு அனுப்பிய விலைப்பட்டியல் ஸ்பேமுக்குப் போனது. அவர்களே வாட்ஸாப்பில் கேட்டதால் மூன்றே நாளில் தெரிந்தது. இரண்டையும் ஒரே வரியாக்கினேன்.

ஆவணி

ஆகஸ்ட் 19-ல் பட்டுக்கடை மாறியது. எம்எக்ஸ் மாற்றிய கையோடு பழைய சர்வரில் 'ரிமோட்'டும் மாற்றியாயிற்று. ஞாயிறு காலை ஐயாவே போன் பண்ணினார். "குடி வந்தாச்சா? பால் காச்சியாச்சா?" காய்ச்சியாயிற்று ஐயா என்றேன். அன்று ஒன்றும் உடையவில்லை.

ஆகஸ்ட் 30 இரவு, கடைசித் தடவையாகப் பழைய சர்வரில் எல்லா டொமைனின் மெயில் போன பட்டியலையும் திறந்து பார்த்தோம். யாரும் இருக்கக் கூடாது. இருந்தார்கள். திருவையாற்றுப் பள்ளியின் ஜெராக்ஸ் மெஷின், ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்புவது. அதை மறுநாள் காலை தம்பி போய் மாற்றிவிட்டு வந்தான். இன்னொன்று, அரிசி ஆலையிலிருந்து இரவு முழுக்க, பத்து நிமிடத்துக்கு ஒன்று. சிசிடிவி ரெக்கார்டர். எப்போதோ நான் அடித்துக் கொடுத்த பழைய சர்வரின் பேர்.

31-ம் தேதி மத்தியானம் மன்னார்குடி போனேன். ரெக்கார்டர் பீரோ மேல் இருந்தது, மூட்டைத் தூசியோடு. ஸ்டூல் போட்டு ஏறி, டிவியைப் பார்த்துக்கொண்டு, மவுசால் திரையிலேயே ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி புது சர்வர் பேரை அடித்தேன். போர்ட் 587. சோதனை பட்டனை அழுத்தினால் தோல்வி. மறுபடி. தோல்வி. பழைய மெஷின், அதற்குத் தெரிந்த மறைகுறியாக்க முறை டிஎல்எஸ் 1.0 மட்டும். புது சர்வர் 1.2-க்குக் கீழே யாரோடும் பேசாது.

வேறு வழி யோசித்துக்கொண்டே கீழே இறங்கி, உரிமையாளரிடம் கேட்டேன். "ஐயா, ராத்திரி அசைவு தெரிஞ்சா மெயில் வருதே, அத யாரு பாக்கறா?"

"எந்த மெயிலு?"

அவர் பெட்டியைத் திறந்து காட்டினேன். தனி ஃபோல்டரில், 2019-லிருந்து, ஒன்றுகூடத் திறக்கப்படாமல். பெரும்பாலானவற்றில் ஒரு நாய் எடைமேடையைக் கடந்துகொண்டிருந்தது.

"இது நம்ம மணிதானே," என்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம் தம்பி, நிறுத்திடுங்க."

மறுபடி ஸ்டூலில் ஏறி அந்த டிக்கை எடுத்துவிட்டு வந்தேன்.